நாங்கள் பிரித்துப் போட்ட கூரை

தீயணைப்பு நிலையத்தில் புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சார், உங்க சர்வீஸ்ல எத்தன வூட்டக் காப்பாத்தியிருப்பீங்க?" கேட்கும்போதே முகம் மலர்ந்திருக்கும். அந்த வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான், அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பதிலும் சொல்ல மாட்டேன். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஏன் அப்படி என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். பம்பு, ஹோஸ், ஏணி பற்றியெல்லாம் இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் எங்களுக்கு வேலை கொடுத்ததெல்லாம் கீற்றுக் கூரைகள்தான். பங்குனி பிறந்துவிட்டால் மில்களுக்குப் பின்னால், கடற்கரைக் குப்பங்களில், கருவடிக்குப்பம் பக்கம் என்று எங்காவது ஒரு கூரை பற்றிக்கொள்ளும். வயதானவர்கள் எங்களைப் 'பொம்பியே' என்பார்கள். தீயணைப்புக்காரனுக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இருந்த பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "பொம்பியே வந்துட்டான்" என்று கூவுவார்கள். வந்துட்டான்தான். 'வந்துட்டாரு' எல்லாம் தீ அணைந்த பிறகுதான் கிடைக்கும்.

எங்கள் நிலைய அதிகாரி அந்தப் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அறிக்கையைக் கடைசிவரை 'ரப்போர்' என்றே சொன்னார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும், மணிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கரும்பலகையில் சாக்பீஸால் ஓர் எண்ணை எழுதுவார். அது எரிந்த வீடுகளின் எண்ணிக்கை இல்லை, நின்ற வீடுகளின் எண்ணிக்கை. "எரிஞ்சத எண்ணிக்கினு இருந்தா நாளைக்கு வேலைக்கு வர மாட்ட. நின்னத எண்ணு, போயி குளி" என்பார். கண் எரிய, தொண்டை வறள, யாரோ ஒருவரின் அழுகை காதிலேயே நிற்க வருகிறவர்களுக்கு அந்த எண் பெரிய ஆறுதல். ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடம்கூடச் சொல்வேன், இன்று இத்தனை என்று. அந்தப் பலகைதான் பிறகு என்னைத் தப்பு செய்யவும் வைத்தது.

அன்றைக்கு நடுப்பகல். அதிகாரி இன்னொரு வண்டியோடு வேறொரு தீக்குப் போயிருந்தார். எனக்கு லீடிங் ஃபயர்மேன் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. உத்தரவு கைக்கு வரவில்லை, வேலையை மட்டும் கொடுத்திருந்தார்கள். மில்லுக்குப் பின்புறம் ஒரு குடிசைத் தெருவிலிருந்து ஆள் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால், ஒரே வரிசையாக நாற்பது வீடு, கூரையும் கூரையும் உரசிக்கொண்டு. மேற்குக் கோடியில் பிடித்த தீ, மேற்கிலிருந்து அடித்த மேல்காற்றில் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆம்பிளைகள் பாதிப்பேர் முதல் ஷிப்டில் இருந்தார்கள். சந்துக்குள் வண்டி நுழையாது. வண்டித் தண்ணீர் ஐந்தாறு வீட்டிலேயே தீர்ந்துவிட்டது, கிணற்றில் வாளி தரையைத் தட்டியது.

இந்த மாதிரி நேரத்தில் சனங்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ரேஷன் கார்டு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் நின்றால் நமக்கும் புத்தி அப்படித்தான் வேலை செய்யும், எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் செய்தது.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. தீ வருவதற்கு முன்னால் நடுவில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து இழுத்துப்போட்டு, இடைவெளி விடவேண்டும். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். பங்குனியில் பகல் ஏறினால் மேல்காற்று விழுந்து கடல்காற்று வந்துவிடும். வந்தால் தீ தானாக மேற்கே திரும்பிவிடும், அங்கே எரிவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அது பத்து நிமிடத்தில் வருமா, ஒரு மணி நேரம் ஆகுமா? வானத்தைப் பார்த்தேன், மில் புகைபோக்கியைப் பார்த்தேன். புகை கிழக்கேதான் சாய்ந்திருந்தது. காத்திருக்கத் துணிச்சல் வரவில்லை.

நான் காட்டிய வீடு அஞ்சலை அக்காவுடையது. நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்துபோய், மில்லில் பஞ்சுக் கழிவு கூட்டுகிற வேலையில் இருந்தவர். எல்லோரும் சாமான் தூக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாசலில் சும்மா நின்றிருந்தார். தலைக்கு மேலே புத்தம்புதுக் கீற்று.

"யக்கா, இந்தக் கூரையப் பிரிக்கணும்" என்றேன்.

"என் வூடு இன்னும் பத்திக்கலியே சார்."

"பத்திக்கறதுக்கு முன்ன பிரிக்கணும். அப்பதான் அந்தாண்ட இருக்கறதெல்லாம் நிக்கும்."

அவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார். அங்கே கோடியில், ஒரு பூவரச மரத்தடியில் டிரங்குப் பெட்டிமேல் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மகள்.

"நோணாங்குப்பத்துல குடுத்த பொண்ணு. தலைச்சன் புள்ள, ஒம்போதாம் மாசம். இங்க வந்து படுக்கணுமேன்னு நேத்துதான் சார் கூரை கட்டி முடிச்சேன்."

"நான் எழுதித் தரேங்க்கா. என் கையாலயே எழுதறேன். உனக்கு மூங்கிலு, கீத்து எல்லாம் வந்துடும்."

அவர் உள்ளே போனார். சாமானை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அரிவாளோடு வந்தார். "கயிறு புதுசு. கையால அவுக்க வராது. அறு" என்று நீட்டினார்.

நாலு பேர் சேர்ந்து சில நிமிடங்களில் பிரித்துவிட்டோம். வாரை, வரிச்சல் என்ற சட்ட மூங்கில்கள், கீற்று எல்லாவற்றையும் இழுத்து எட்டப் போட்டோம். மண்சுவர் மட்டும் நின்றது. அடுத்தடுத்து எரிந்துகொண்டே வந்து, மேற்கே ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கூரையைத் தீ பிடித்தது. அந்தக் கூரை பாதி எரிந்தபோது என் பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. கடல்காற்று. தீ நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டு மேற்கே சாய்ந்து, பசியடங்கிப் படுத்துவிட்டது. கூரையைப் பிரிக்க ஆரம்பித்ததிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கிழக்கே எல்லா வீடும் நின்றது. சனங்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நிலையத்துக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் உண்டு. முழுதும் எரிந்தவை, ஒரு பகுதி எரிந்தவை, காப்பாற்றப்பட்டவை. அஞ்சலை அக்கா வீட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. எரிந்ததா என்றால் இல்லை. பகுதி எரிந்ததா என்றால் அதுவும் இல்லை, ஒரு ஈர்க்குகூடக் கருகவில்லை. கரும்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காப்பாற்றப்பட்டவை கட்டத்தில் சேர்த்து இருபத்திரண்டு என்று எழுதினேன்.

படிவத்தில் இடமில்லை என்று சாக்கு சொல்லலாம். அது பொய். இடமில்லை என்றால் கீழே எழுதியிருக்கலாம், காகிதம் காலியாகத்தான் கிடந்தது. எரியாத வீட்டைப் பிரித்தேன் என்று எழுதினால், ஏன் பிரித்தாய், கால் மணி நேரத்தில் காற்று திரும்பிவிட்டதே என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளே, பயத்தில் தப்பு செய்கிறவன் தனக்குப் பயம் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டான். படிவத்தின்மேல் பழியைப் போடுவான்.

அதிகாரி பலகையில் 22 என்று எழுதினார். முதுகில் தட்டினார். அந்தத் தட்டு நாலு நாள் என் முதுகிலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் டியூட்டி முடிந்து அந்தத் தெருவுக்குப் போனேன். ஏன் போனேன்? உண்மையைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் புகழ்ச்சி கேட்கத்தான். நிவாரணம் வந்திருந்தது. எரிந்த மனை ஒவ்வொன்றின் முன்னாலும் மூங்கில் கட்டும் கீற்றுக் கட்டும் கிடந்தன. கணக்கெடுக்க வந்தவர் எங்கள் அறிக்கையை வைத்துக்கொண்டுதான் கணக்கெடுத்திருந்தார். மேற்கே வேலை நடந்துகொண்டிருந்தது, கிழக்கே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நடுவில் அஞ்சலை அக்காவின் நாலு மண்சுவர்களுக்கு மேலே ஒரு பழைய புடவை கட்டியிருந்தது. அதன் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் நாலைந்து தட்டுகளில் சோறு மூடிவைத்திருந்தது. கிழக்கு வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. வைத்தார்களே தவிர யாரும் நின்று பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. மேற்கு வீட்டுக்காரர்களுக்கோ, உனக்கென்ன, எரியாமல் தப்பித்துவிட்டாய் என்ற நினைப்பு.

"எழுதறேன்னியே சார், எழுதுனியா?" என்றார். கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"எழுதினேங்க்கா."

"அப்ப ஏன் என் பேரு இல்லன்றாங்க? பொண்ண இன்னிக்கிதான் ஆஸ்பத்திரில சேத்துருக்கேன். புள்ளயத் தூக்கிக்கினு இந்த வெயில்ல எங்க சார் வந்து படுக்கும்?"

நான் என்ன எழுதினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. "பாத்துட்டு வரேங்க்கா" என்று திரும்பி வந்துவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நிலையம்வரை நடந்தேன்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மேல போன ரப்போர மாத்தினா என்னா ஆவும் தெரியுமா? எரியாத வூட்ட எவன் பிரிக்கச் சொன்னான்னு மேலதிகாரி கேப்பான். உன் புரமோஷன் உத்தரவு அவன் மேசையிலதான் கெடக்குது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சிதான் வந்தியா?"

"அந்தம்மாவுக்கு எழுதித் தரேன்னு வாக்கு குடுத்துட்டேன் சார். கூரையப் பிரிச்சதவிட அதான் உறுத்துது."

அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "அந்தம்மா கையெழுத்தோட வாக்குமூலம் வாணும். போயி எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். காப்பாற்றப்பட்டவை என்ற கட்டத்தில் அவர் வீட்டைச் சேர்த்ததை முதலில் சொன்னேன். நான் எதற்குப் பயந்தேனோ அதையே அவர் கேட்டார்.

"அன்னிக்கிக் கடக்காத்து அடிச்சிதே சார். கொஞ்சம் பொறுத்திருந்தா என் வூடு நின்னிருக்குமா?"

"தெரியலக்கா. நின்னிருக்கலாம். பத்திக்கினு அந்தாண்ட அத்தினி வூடும் போயிருக்கலாம். எனக்கு நெசமாவே தெரியல."

"இத்த அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா எனக்குத் தூக்கமாச்சும் வந்திருக்கும்" என்றார். "காத்து திரும்பும்னு உனக்குத் தெரிஞ்சிதான் செஞ்சிட்டு ஓடிட்டன்னு நெனச்சேன்."

எழுதிவந்ததைப் படித்துக் காட்டினேன். எங்கள் பேச்சைக் கேட்டு நாலைந்து பேர் சுவரோரம் வந்து நின்றிருந்தார்கள். 'மேற்படி அஞ்சலை என்பவரின் வீடு எரியவில்லை. தீ மேலும் பரவாமல் தடுக்கும்பொருட்டு, அவருடைய முழுச் சம்மதத்தின் பேரில், எங்களால் பிரித்து அகற்றப்பட்டது.'

"அந்த முழுச் சம்மதம் வாணாம் சார்."

"ஏங்க்கா, நீதான அருவா எடுத்துக் குடுத்த?"

"குடுத்தேன். சம்மதிச்சா குடுத்தேன்? அந்தாண்ட அவ்ளோ சனம், குஞ்சும் குளுவானுமா நிக்குது. அதுங்களப் பாத்துக்கினு மாட்டேன்னு எப்புடி சொல்றது? வயிறு எரிஞ்சிக்கினுதான் குடுத்தேன். ஏதோ நான் சிரிச்சிக்கினே குடுத்த மாதிரி எழுதாத."

"அப்ப எப்புடி எழுதறது?"

"நீ கேட்ட. நான் குடுத்தேன். அவ்ளோதான்."

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'நாங்கள் கேட்டோம். அவர் கொடுத்தார். அதனால் கிழக்கே இருபத்தொரு வீடுகள் நின்றன.' அதையும் சத்தமாகப் படித்தேன். சுவரோரம் நின்ற ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "யக்கா, வா வூட்டுக்கு, வந்து சாப்புடு" என்று அஞ்சலை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து நாளாக அந்தக் கையைப் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அக்கா எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போனார். தட்டுத்தடுமாறிப் போட்ட கையெழுத்து.

அதிகாரி படித்தார். "ரப்போர்ல இப்புடி எவனாச்சும் எழுதுவானா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்து போய், பலகையில் 22 என்பதில் கடைசி இரண்டை விரலால் அழித்து ஒன்று போட்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவருக்கும் அன்றைக்கு ஏதோ உடைந்தது என்று நினைக்கிறேன். அதன்பிறகு அந்தப் பலகையில் இரண்டு எண்கள் எழுத ஆரம்பித்தார். நின்றவை, நாம் பிரித்தவை. இரண்டாவது பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனாலும் எழுதுவார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. எனக்கு ஒன்றரை வருடம் கழித்து வந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். நிறைய இருந்தது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். தீயை அணைக்கப் போகிற நாமும் அங்கே எதையாவது அழிக்கிறோம். பூட்டை உடைக்கிறோம், கதவைப் பெயர்க்கிறோம், பக்கத்து வீட்டு அரிசிப் பானையில் தண்ணீர் அடிக்கிறோம். வேறு வழியில்லாமல்தான் செய்கிறோம். ஆனால் அணைத்ததை எழுதுவதற்கு முன்னால் அழித்ததை எழுதுங்கள். படிவத்தில் இடம் இருக்காது, அடியில் கையால் எழுதுங்கள். நாம் எழுதாத வீட்டுக்கு யாரும் மூங்கில் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு வாரத்தில் அக்காவுக்கும் சாமான் வந்தது. கூரை கட்டுகிற அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள், நானும் போனேன். கிழக்கு வரிசை மொத்தமும் வந்திருந்தது. மேற்கிலிருந்தும் நாலு பேர் சொந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். கீற்று எடுத்துக் கொடுக்க ஒருவர், கயிறு இழுக்க ஒருவர் என்று தெருவே மேலும் கீழுமாக நின்றது. நான் பிடிவாதமாக மேலே ஏறி ஒரு பக்கத்துக்குக் கயிறு கட்டினேன். கட்டத் தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை முடிந்த மூன்றாம் நாள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வெட்கமாக இருந்தது, போகவில்லை.

ஆவணியில் ஒரு மழை அடித்து ஓய்ந்த சாயங்காலம் அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். "சார், நில்லு" என்று குரல் கேட்டது. அஞ்சலை அக்கா இடுப்பில் குழந்தையோடு தெருவுக்கே வந்துவிட்டார். குழந்தைக்குத் தலை நன்றாக நின்றிருந்தது. நெற்றியில் அகலமாக மைப்பொட்டு.

"நீ கட்டுன பக்கம் ஒழுவுது சார்" என்றார். நான் அசடு வழிய நின்றேன். அவர் குழந்தையை என் கையில் கொடுத்தார். என் சட்டையில் எப்போதும் இருக்கும் புகைவாசனைக்கு அழும் என்று பார்த்தேன். அழவில்லை, என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது. அக்கா அதன் கன்னத்தைத் தொட்டு என் பக்கம் திருப்பினார்.

"பாப்பா, நல்லாப் பாத்துக்க. நம்ம கூரையப் பிரிச்ச ஆளு இவருதான். பிரிக்கத்தான் தெரியும், கட்டத் தெரியாது."